ஆலன் டெய்ட்: இரண்டு ரக்பியிலும் ஆடிய ஸ்காட்லாந்துக்காரர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரக்பி பார்க்கத் தொடங்கிய நண்பர்களிடம் ஆலன் டெய்ட் பெயரை எடுத்தால், வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன். ஆட்டமே புதிது என்பவர்கள் மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். யூனியன், லீக் வித்தியாசம் தெரிந்தவர்கள் கெல்சோவிலிருந்து தொடங்கலாம்.

ஆலன் டெய்ட் யாரு? சுருக்கமா சொல்லுங்க.

1964-இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். முதலில் ரக்பி யூனியன் ஆடினார், 1988-இல் ரக்பி லீக்குக்கு மாறினார், 1996-இல் மறுபடி யூனியனுக்கு வந்தார். ஸ்காட்லாந்து யூனியன் அணிக்கு 27 சர்வதேச ஆட்டங்கள், அவற்றில் 17 ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது). நடுவரிசையில் சென்டர் என்ற இடத்தில் ஆடுகிறவருக்கு இது மிக நல்ல கணக்கு.

அந்த 27-இல் 8 ஆட்டங்கள் மட்டுமே லீக்குக்குப் போவதற்கு முன்பு ஆடியவை. மீதி 19-உம் திரும்பி வந்த பிறகு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஆடியவை. அவரைப் பற்றிப் பேச இவ்வளவு இருப்பதற்கு இந்த ஒரு விவரமே போதும்.

ரக்பின்னா ஒண்ணுதானே? யூனியன், லீக்னு ரெண்டா ஏன் பிரிச்சு வச்சிருக்காங்க?

பணத்தால் பிரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் ஆட்டக்காரர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியையாவது ஈடுகட்ட வேண்டும் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. லண்டனில் இருந்த நிர்வாகம் மறுத்தது. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் தனியே பிரிந்து வடக்கு யூனியன் என்ற அமைப்பை உண்டாக்கின. பிற்காலத்தில் அதுதான் ரக்பி லீக் ஆனது.

யூனியன் அடுத்த நூறு ஆண்டுகள் ‘காசுக்கு ஆட மாட்டோம்’ என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வசதி உள்ளவனுக்குக் கொள்கை எளிது, கூலிக்காரனுக்கு அது பட்டினி. டெய்டின் கதையில் வரும் கெடுபிடி அத்தனைக்கும் வேர் இந்த 1895 சண்டைதான்.

ஆட்டத்துல அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

யூனியனில் பக்கத்துக்கு 15 பேர், லீக்கில் 13 பேர். யூனியனில் ஒருவரை மடக்கிக் கீழே தள்ளினால் பந்துக்காக அங்கேயே இரு தரப்பும் முட்டி மோதலாம். லீக்கில் மடக்கப்பட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடர்வார். கிரிக்கெட்டில் ஓர் ஓவருக்கு ஆறு பந்து என்பதுபோல, லீக்கில் ஓர் அணிக்கு ஆறு டேக்கிள் (இப்படி மடக்கப்படுவது). அதற்குள் ட்ரை போடாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்து ஓரக்கோட்டைத் தாண்டினால் இரு அணியும் வரிசையாக நின்று, எறியப்படும் பந்துக்குத் தாவும் லைன்அவுட் லீக்கில் கிடையாது.

விளைவு இதுதான்: லீக்கில் ஓட்டம், டேக்கிள், மறுபடி ஓட்டம் என்று ஓயாமல் போகும். தடுப்பு வரிசையில் ஒருவர் ஓரடி பிசகினாலும் ஓட்டை தெரியும். யூனியனில் கூட்டமும் குழப்பமும் அதிகம், ஒளிந்துகொள்ள இடமும் அதிகம். டெய்ட் யூனியனை விட்டுப் போனபோது அங்கே ஒரு ட்ரைக்கு 4 புள்ளி. 1992-இல் அதை 5 ஆக்கினார்கள். அவர் திரும்பி வந்தபோது புள்ளிக் கணக்கே மாறியிருந்தது.

கெல்சோன்னு ஒரு ஊர், மேப்புல தேடித்தான் கண்டுபிடிக்கணும். அங்கேருந்து எப்படி இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்?

மேப்பில் சிறியதுதான், ரக்பியில் அப்படி இல்லை. இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பார்டர்ஸ் பகுதியில் கெல்சோ, ஹாயிக், மெல்ரோஸ், ஜெட்பர்க், செல்கர்க், கேலஷீல்ஸ் என்று வரிசையாகச் சிற்றூர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளப், ஒவ்வொரு கிளப்புக்கும் பக்கத்து ஊரோடு தீராத போட்டி. எழுவர் ரக்பி என்ற ஆட்டமே 1883-இல் மெல்ரோஸில்தான் பிறந்தது. அந்தக் காலத்துக் கெல்சோ அணி 1988, 1989 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஸ்காட்லாந்து சாம்பியன். அந்த அளவுக்குத் தரமான அணியில் வளர்ந்தவர்.

இன்னொரு விஷயமும் உண்டு. அவருடைய அப்பாவும் ரக்பி ஆட்டக்காரர். கம்ப்ரியாவில் உள்ள ஒர்க்கிங்டன் டவுன் என்ற லீக் கிளப்புக்கு ஆடியவர். டெய்டின் சிறுவயதில் ஒரு பகுதி அங்கே கழிந்தது. ஆகவே மற்ற யூனியன் பையன்களுக்கு லீக் எப்படித் தெரிந்ததோ, இவருக்கு அப்படித் தெரியவில்லை. அது வீட்டில் இருந்த ஆட்டம்.

1987 உலகக் கோப்பையில ஆடினாரா, இல்ல சும்மா டீம்ல இருந்தாரா?

ஆடினார், அதுவும் எதிர்பாராத விதமாக. அதுதான் முதல் ரக்பி உலகக் கோப்பை. ஸ்காட்லாந்தின் முதல் ஆட்டம் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பிரான்ஸோடு. ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃப் இடத்தில் ஆடிய ஜான் ரதர்ஃபோர்டு தொடக்கத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேற, மாற்று ஆளாக டெய்ட் இறங்கினார். அவருடைய முதல் சர்வதேச ஆட்டம் அது. 20–20 என்று சமனில் முடிந்தது.

கடைசி நிமிடங்களில் ஸ்காட்லாந்து ஒரு ட்ரை போட்டும், அதற்குப் பின் கூடுதல் புள்ளிக்காக எடுக்கும் உதையை கேவின் ஹேஸ்டிங்ஸ் ஓரக்கோட்டருகிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அது தவறிவிட்டது. அதனால் குழுவில் இரண்டாமிடம், அதனால் காலிறுதியில் நியூசிலாந்து, அதனால் 30–3 தோல்வி. இடையில் ஜிம்பாப்வே, ருமேனியா ஆட்டங்களில் டெய்ட் ட்ரை போட்டுத் தன் இடத்தை உறுதி செய்துகொண்டார்.

நல்லா போயிட்டிருந்த நேரத்துல ஏன் விட்டுட்டுப் போனார்? பணத்துக்காகவா?

ஆமாம், பணம் முக்கியக் காரணம்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1988-இல் யூனியன் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. நாட்டுக்காக ஆடினாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். லீக் கிளப்புகள் ஒப்பந்தத் தொகையும் சம்பளமும் தந்தன. இருபத்து நாலு வயதில், உடம்பு மட்டுமே மூலதனமாக உள்ள ஒருவருக்கு இது சின்ன விஷயமா?

பணத்தோடு நிறுத்திவிட்டால் பாதிப் பதில்தான். அப்பாவின் லீக் பின்னணி பற்றி மேலே சொன்னேன். அழைத்த கிளப்பும் சாதாரணமானதல்ல. விட்னெஸ் அப்போதுதான் லீக் சாம்பியன் பட்டம் வென்றிருந்தது. பயிற்சியாளர் டக் லாட்டன், யூனியன் திறமைகளை அடையாளம் கண்டு கொண்டுவருவதில் கெட்டிக்காரர். அவர் ஏற்கெனவே ஓரத்தில் ஓடும் விங்கர் மார்ட்டின் ஓஃபையாவைக் கொண்டுவந்திருந்தார். வேல்ஸ் நட்சத்திரம் ஜொனாதன் டேவிஸ் 1989 தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். நாட்டின் மிகச் சிறந்த அணி ஒன்றில் இடம் கிடைக்கிறது என்றால், அதை வெறும் காசுக்குப் போனதாகச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

லீக்குக்குப் போனா திரும்பவே முடியாதுன்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம். லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே யூனியனில் வாழ்நாள் தடை. ஆட முடியாது, பயிற்சியும் கொடுக்க முடியாது. வளர்த்த கிளப்புக்கே அந்நியர். ஸ்காட்லாந்து நிர்வாகம் இந்த விதியை மிகக் கறாராகக் காத்த அமைப்புகளில் ஒன்று. நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்களைக்கூட ஒரு கையெழுத்துக்காக வெளியே நிறுத்தினார்கள்.

விதி எந்த அளவுக்குப் போனது என்பதற்கு இன்னொரு சான்று: இங்கிலாந்தின் ஃபிரான் காட்டன் லீக் பக்கமே போகாதவர். தன் சுயசரிதைக்கு வந்த பணத்தை வைத்துக்கொண்டார் என்பதற்காக அவரையும் தொழில்முறையாளர் என்று ஒதுக்கினார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், 1997-இல் மறுபடி வருவார்.

டெய்ட் கையெழுத்திட்டபோது திரும்பி வரும் வழி என்று ஒன்று இல்லவே இல்லை. இன்று பார்க்கும்போது எட்டாண்டு இடைவெளிதானே என்று தோன்றும். அன்று அவர் எடுத்தது ஆயுள் முழுக்கத் திரும்ப முடியாது என்று தெரிந்தே எடுத்த முடிவு.

போனதால எதையெல்லாம் இழந்தார்?

முதன்மையாக 1990. அந்த ஆண்டு மார்ச்சில் மர்ரேஃபீல்டில் இங்கிலாந்தை 13–7 என்று வென்று, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ் மோதும் ஐந்து நாடுகள் போட்டியின் நான்கு ஆட்டங்களையும் ஜெயித்து ஸ்காட்லாந்து கிராண்ட் ஸ்லாம் எடுத்தது. அந்நாட்டு ரக்பியில் அதற்கு ஈடான நாள் குறைவு. 1987-இல் கூட ஆடியவர்கள் பலர் அந்தக் களத்தில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போனார்கள், இங்கிலாந்திடம் 9–6 என்று தோற்றார்கள். அதிலும் டெய்ட் இல்லை.

இந்த இழப்பை லேசாகச் சொல்லிக் கடந்துவிட நான் தயாரில்லை. அவருடைய இருபதுகளின் நல்ல ஆண்டுகள் முழுவதும் ஸ்காட்லாந்துக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் அவரல்ல, அந்த விதி.

சரி, லீக்ல என்னதான் சாதிச்சார்?

நிறைய. 1988–89 பருவத்தின் கடைசி ஆட்டத்தில் விகனை 32–18 என்று வீழ்த்தி விட்னெஸ் சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்தது. பருவ முடிவில் முன்னணி அணிகள் மோதும் பிரீமியர்ஷிப் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஹல் அணியை 18–10 என்று வென்றார்கள். மறு ஆண்டு இறுதியில் பிராட்ஃபோர்டு நார்தர்னை 28–6. இரண்டு இறுதியாட்டங்களிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹாரி சண்டர்லேண்ட் விருது டெய்டுக்கே. கிராண்ட் ஸ்லாம் நடந்த அதே 1990-இல், அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஓல்டு டிராஃபோர்டில் அவர் இந்த இரண்டாவது விருதை வாங்கினார்.

1989 அக்டோபரில் உலகக் கிளப் சாம்பியன்ஷிப். ஆஸ்திரேலியாவின் கான்பெரா ரைடர்ஸ் அணியில் மால் மெனிங்கா, லாரி டேலி, ரிக்கி ஸ்டூவர்ட் என்று பெரிய பெயர்கள். முதலில் அவர்கள்தான் முன்னிலை. விட்னெஸ் திரும்பி எழுந்து 30–18 என்று ஜெயித்தது. தேம்ஸ் கரை மாநகரம் எதுவும் இல்லை, மெர்ஸி கரையில் ரசாயன ஆலைகள் சூழ்ந்த ஒரு தொழில் நகரத்தின் அணி உலக சாம்பியன். 1992-இல் லீட்ஸுக்குப் போனார். அங்கே லாட்டன் முன்பே பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தார்.

சென்டரா ஆடினவரை ஏன் ஃபுல்பேக் ஆக்கினாங்க?

லீக்கில் ஃபுல்பேக் என்பவர் கடைசித் தடுப்பாளர் மட்டுமல்ல. பின்னால் நின்று முழு வரிசையையும் பார்த்து, யார் எங்கே நகர வேண்டும் என்று கத்திச் சொல்கிறவரும் அவர்தான். தாக்கும்போது எங்கிருந்தோ ஓடிவந்து, தடுப்பாளர் கணக்கில் வராத கூடுதல் ஆளாக வரிசையில் நுழைய வேண்டும். டெய்டுக்கு வேகமும் இருந்தது, எப்போது நுழைவது என்ற கணிப்பும் இருந்தது.

எட்டாண்டுகள் இந்த வேலையைச் செய்தவர் ஆட்டத்தை முன்னால் நின்று பார்ப்பவரைவிட வேறு விதமாகப் படிப்பார். பிற்பாடு யூனியனில் அவர் போட்ட ட்ரைகளைப் பார்த்தால், பெரும்பாலும் ஒருவரை இடித்துத் தள்ளிப் போட்டவையாக இருக்காது. சரியான கோணத்தில், சரியான நொடியில் வந்து சேர்ந்ததால் கிடைத்தவை. அதன் பயிற்சி முழுக்க விட்னெஸிலும் லீட்ஸிலும் நடந்தது.

வெம்ப்ளியில ஓஃபையா போட்ட பிரபலமான ட்ரை, அதுல ஏமாந்து போன ஃபுல்பேக் இவர்தானா?

இவர்தான். 1994-இல் லீக்கின் சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டம், லீட்ஸுக்கு எதிரே விகன். விகனுக்குப் போயிருந்த ஓஃபையா தன் கோட்டருகே பந்தை வாங்கி மைதானம் முழுக்க ஓடினார். எதிரே நின்ற கடைசி ஆள் பழைய விட்னெஸ் தோழர் டெய்ட். அவரை வெளிப்புறமாகச் சுற்றிக் கடந்து ட்ரை போட்டு முழங்காலிட்டார் ஓஃபையா. லீட்ஸ் 26–16 என்று தோற்றது. அடுத்த ஆண்டும் அதே விகனிடம் 30–10.

இந்த ஒரு காட்சியை வைத்து டெய்டை மதிப்பிடுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. முழு வேகத்தில், திறந்த வெளியில், அந்தக் காலத்தின் மிக வேகமான விங்கர் எதிரே வரும்போது எந்த ஃபுல்பேக்குக்கும் அங்கே பெரிய வாய்ப்பு கிடையாது.

ஸ்காட்லாந்துக்காரர் லீக்ல ஏன் கிரேட் பிரிட்டனுக்கு ஆடினார்?

அந்தக் காலத்தில் லீக்கில் பெரிய டெஸ்ட் ஆட்டங்களுக்கு இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து எல்லாம் சேர்ந்து கிரேட் பிரிட்டன் என்றே இறங்கினார்கள். டெய்ட் 1989-இலிருந்து 1993 வரை அதற்கு ஆடினார். ஸ்காட்லாந்துக்கென்று தனி லீக் தேசிய அணி 1995-இல்தான் சர்வதேசக் களத்துக்கு வந்தது. அதிலும் அவர் ஆடினார். ஆக இரண்டு ரக்பியிலும் ஸ்காட்லாந்து சட்டை போட்டவர்.

லீக்குக்குப் போன முதல் ஸ்காட்லாந்துக்காரர் இவரா?

இல்லை, இவருக்கு முன்னால் நீண்ட வரிசை உண்டு. பார்டர்ஸ் ஊர்களுக்கு லீக் கிளப்புகளின் ஆட்கள் வந்து திறமையுள்ள பையன்களைப் பார்த்துவிட்டுப் போவது பல தலைமுறை வழக்கம். ஹாயிக்கைச் சேர்ந்த டேவ் வேலன்டைன் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனவர். 1954-இல் பிரான்ஸில் நடந்த முதல் ரக்பி லீக் உலகக் கோப்பையை கிரேட் பிரிட்டன் வென்றபோது அணித்தலைவர் அவர்தான். யூனியனுக்கு உலகக் கோப்பை என்று ஒன்று வருவதற்கு 33 ஆண்டுகள் முன்பே ஒரு பார்டர்ஸ்காரர் உலகக் கோப்பையைத் தூக்கிவிட்டார். ஆனால் யூனியன் பக்கம் அதைப் பேச ஆளில்லை.

ஜார்ஜ் ஃபேர்பேர்ன் டெய்டின் கெல்சோவிலிருந்தே 1974-இல் விகனுக்குப் போனவர். அவரும் ஃபுல்பேக், 1980-இல் லீக்கின் மிகப் பெரிய தனிநபர் விருதான மேன் ஆஃப் ஸ்டீல் வாங்கியவர். வேலன்டைனும் ஃபேர்பேர்னும் ஆடுகிற காலத்தில் வீடு திரும்பும் வழி திறக்கவே இல்லை. டெய்டுக்குத் திறந்தது.

ஆயுள் தடைன்னு சொன்னீங்க. அப்புறம் எப்படித் திரும்பி வந்தார்?

தடை விதித்தவர்களின் கொள்கையே இடிந்து விழுந்ததால். 1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் யூனியனிலும் இனிப் பணம் தரலாம் என்று அறிவித்தது. சரியாக நூறு ஆண்டு, அதே ஆகஸ்ட் மாதம். காசு வாங்குவது குற்றமில்லை என்று ஆன பிறகு, காசு வாங்கியதற்காக ஒருவரை வெளியே நிறுத்த முடியாது அல்லவா?

அடுத்த ஆண்டே டெய்ட் நியூகாசிலில் சேர்ந்தார். நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணியின் சர் ஜான் ஹால் அப்போது அந்த ரக்பி கிளப்பையும் வாங்கி, ராப் ஆண்ட்ரூவிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தார். கேரி ஆம்ஸ்ட்ராங், டாடி வெயர் என்று பார்டர்ஸ்காரர்களும், லீக்கில் விகனுக்கு ஆடித் திரும்பிய சமோவாவின் வாய்ங்கா டுய்கமாலாவும் அங்கே இருந்தார்கள். இரண்டாம் நிலையில் இருந்த கிளப் 1997-இல் மேலே ஏறி, ஏறிய முதல் பருவத்திலேயே, 1998-இல் இங்கிலாந்து சாம்பியன் ஆனது.

எட்டு வருஷம் விட்டுட்டு வந்தவருக்கு யூனியன் ஆட்டமே மறந்திருக்காதா?

முன்வரிசை ஆட்டக்காரராக இருந்தால் இந்தச் சந்தேகம் சரி. ஸ்க்ரம் (இரு அணி முன்வரிசைகளும் பிணைந்து தள்ளுவது), லைன்அவுட் எல்லாம் தனி வித்தை. பின்வரிசையில் ஆடுபவருக்கு நிலைமை வேறு. 1996 மே மாதத்தில் நடந்த இரண்டு ஆட்டங்கள் இதைத் தெளிவாகக் காட்டின. லீக் சாம்பியன் விகனும் யூனியனின் பாத் அணியும் மோதின. லீக் விதியில் விகன் 82–6, யூனியன் விதியில் பாத் 44–19. யூனியன் ஆட்டக்காரர்கள் லீக்கில் திணறிய அளவுக்கு லீக் ஆட்டக்காரர்கள் யூனியனில் திணறவில்லை. விகன் தோற்றது பெரும்பாலும் முன்வரிசையின் பிடிமானத்தில்தான்.

இன்னொன்று, அன்றைய யூனியனுக்கு எது தெரியாதோ அது டெய்டுக்குத் தெரிந்திருந்தது. ஒழுங்கான தடுப்பு வரிசை, ஒரே நேரத்தில் முன்னேறுவது, ஆண்டு முழுக்கத் தொழிலாகப் பயிற்சி எடுப்பது. யூனியன்காரர்கள் அப்போதுதான் கற்கத் தொடங்கியதை எட்டாண்டு அனுபவத்தோடு வந்தவர் அவர். 1997 மார்ச்சில் அயர்லாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து அணிக்குத் திரும்பிய ஆட்டத்திலேயே ட்ரை போட்டார், ஸ்காட்லாந்து 38–10 என்று ஜெயித்தது.

1997 லயன்ஸ் அணியில லீக்காரங்களை வேணும்னே எடுத்தாங்கன்னு சொல்றாங்களே?

வேண்டுமென்றேதான், அது நல்ல முடிவு. பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்களின் கூட்டு அணியான லயன்ஸ் அந்த ஆண்டு உலக சாம்பியனான தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. பயிற்சியாளர் இயன் மெக்கீக்கன் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். மேலாளர், மேலே நினைவில் வைக்கச் சொன்ன அதே ஃபிரான் காட்டன். லீக்கில் ஆடித் திரும்பியவர்கள் ஆறு பேரை எடுத்தார்கள்: டெய்ட், ஸ்காட் கிப்ஸ், ஆலன் பேட்மேன், ஜான் பென்ட்லி, டேவிட் யங், ஸ்காட் குவின்னல்.

கேப்டவுனில் நடந்த முதல் டெஸ்டில் டெய்டை விங்கில் நிறுத்தினார்கள். சென்டர், ஃபுல்பேக், இப்போது விங்கர். தடுப்பில் நம்பிக்கையான ஆள் ஓரத்தில் வேண்டும் என்ற கணக்கு அது. ஆட்டம் முடியும் தறுவாயில் மாட் டாசன் ட்ரை போட்டு முன்னிலை தந்தார். பிறகு டெய்ட் மூலையில் ஒரு ட்ரை போட்டு 25–16 என்று முடித்து வைத்தார். இரண்டு கைவிரல்களையும் துப்பாக்கி போல நீட்டி அவர் கொண்டாடிய படம் இன்றும் சுற்றுகிறது. டர்பனில் இரண்டாம் டெஸ்ட் 18–15, தொடர் லயன்ஸ் கையில். ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த மூன்றாவதில் டெய்ட் ஆடவில்லை, அந்த ஆட்டத்தில் லயன்ஸ் தோற்றது.

1999-ல ஐந்து நாடுகள் போட்டியை ஸ்காட்லாந்து ஜெயிச்சதுல இவர் பங்கு எவ்வளவு?

மிகப் பெரிய பங்கு. நான்கு ஆட்டங்களில் 5 ட்ரை. தொடங்கிய விதம்தான் விசேஷம். வேல்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஃப்ளை ஹாஃப் டங்கன் ஹாஜ் கால் முறிந்து வெளியேற, சென்டராக இருந்த கிரெகர் டவுன்செண்ட் அவர் இடத்துக்கு நகர, மாற்று ஆளாக டெய்ட் இறங்கினார். 1987-இலும் ஒரு ஃப்ளை ஹாஃபின் காயத்தால்தானே இவருடைய கணக்கு தொடங்கியது! அன்றே ஒரு ட்ரை, 33–20 வெற்றி. டவுன்செண்ட், ஜான் லெஸ்லி, டெய்ட் என்ற நடுவரிசை அப்படித் தற்செயலாகத்தான் அமைந்தது.

டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்திடம் 24–21 என்று தோல்வி. இரு பக்கமும் மூன்று மூன்று ட்ரை, ஸ்காட்லாந்தின் மூன்றில் இரண்டு டெய்டுடையவை. உதைகளில் போன ஆட்டம் அது. இந்த இரு நாடுகளும் ஆடுவது கல்கத்தா கோப்பைக்காக. கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப் கலைந்தபோது கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை, கைப்பிடிகள் நாகப்பாம்பு வடிவில் இருக்கும். பிறகு அயர்லாந்தை 30–13, பாரிஸில் பிரான்ஸை 36–22 என்று ஸ்காட்லாந்து வென்றது. பாரிஸில் டெய்டுக்கு மறுபடி இரண்டு ட்ரை.

கோப்பையை வேல்ஸ்தான் வாங்கிக் கொடுத்துச்சுன்னு கிண்டல் பண்றாங்களே?

பாரிஸ் ஆட்டம் சனிக்கிழமை. மறுநாள் வெம்ப்ளியில் வேல்ஸோடு ஆடிய இங்கிலாந்து ஜெயித்திருந்தால் பட்டம் அவர்களுக்கு. கடைசி நிமிடங்களில் ஸ்காட் கிப்ஸ் ஐந்தாறு பேரைத் தாண்டி ஓடி ட்ரை போட, நீல் ஜென்கின்ஸ் உதையால் வேல்ஸ் 32–31 என்று வென்றது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மூன்று மூன்று வெற்றி, புள்ளி வித்தியாசத்தில் ஸ்காட்லாந்து முன்னால். அந்த வித்தியாசம் 41. அதை வேல்ஸ் வாங்கித் தரவில்லை, ஸ்காட்லாந்தே நான்கு ஆட்டங்களில் சேர்த்தது.

கிப்ஸ் யார் என்று கவனியுங்கள். லீக்கில் செயின்ட் ஹெலன்ஸுக்கு ஆடித் திரும்பியவர், கேப்டவுனில் டெய்டோடு இறங்கியவர். கடைசி ஐந்து நாடுகள் பட்டத்தைத் தீர்மானித்ததில் பழைய விதி நீடித்திருந்தால் களத்துக்கே வந்திருக்க முடியாத இரண்டு பேருக்குப் பங்கு உண்டு.

லீக்குக்குப் போகாமலே இருந்திருந்தா இன்னும் பெரிய ஆளாகியிருப்பாரா?

எண்ணிக்கை கூடியிருக்கும், அதில் சந்தேகமில்லை. கிராண்ட் ஸ்லாம் பதக்கமும் கிடைத்திருக்கலாம். ஆனால் 34 வயதில் ஐந்து நாடுகள் போட்டியில் 5 ட்ரை போட்ட அந்த ஆட்டக்காரர் கிடைத்திருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபுல்பேக் பற்றிய பதிலில் சொன்ன பார்வையும், தொழில்முறை உடற்கட்டும் அவருக்கு லீக்கில் வந்தவை. சம்பளமில்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டு ஆடிய அவருடைய தலைமுறையினர் பலர் அந்த வயதுக்கு முன்பே ஓய்ந்துவிட்டார்கள்.

அதனால்தான் அவருடைய வாழ்க்கையை யூனியன், இடைவெளி, யூனியன் என்று பிரிப்பதை நான் ஏற்பதில்லை. இடைவெளி என்று சொல்லப்படும் அந்த ஆண்டுகளில் அவர் உலகக் கிளப் சாம்பியன். இரண்டு இறுதியாட்டங்களின் நாயகன்.

ஓய்வுக்கு அப்புறம் என்ன செஞ்சார்?

1999 உலகக் கோப்பை காலிறுதியில் நியூசிலாந்திடம் 30–18 என்று தோற்றதோடு சர்வதேச ஆட்டம் முடிந்தது. 1987-இலும் அதே எதிரணி, அதே காலிறுதி. பிறகு பயிற்சியாளரானார். ஸ்காட்லாந்து அணிக்குத் தடுப்பாட்டப் பயிற்சி கொடுத்தார், நியூகாசிலுக்குத் தலைமைப் பொறுப்பும் ஏற்றார். அவர் கற்றுக்கொடுத்தது தடுப்பாட்டம் என்பதைக் கவனியுங்கள். லீக்கில் கற்றதை யூனியனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேசிய அணியே அவரை அழைத்தது.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்?

1999 பாரிஸ். முழு ஆட்டத்துக்கு நேரமில்லை என்றால் முதல் பாதி மட்டும் போதும். ஸ்காட்லாந்தின் ஐந்து ட்ரையும் அதற்குள்தான், இடைவேளையில் 33–22. பிறகு நடந்தது ஒரே ஒரு பெனால்டி. பார்க்கும்போது பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டாமல், பந்து டவுன்செண்ட் கைக்கு வரும் முன் டெய்ட் எங்கே நிற்கிறார், எப்போது ஓட்டத்தைத் தொடங்குகிறார் என்று பாருங்கள்.

இரண்டு ஆட்டம் பார்க்க நேரமிருந்தால் 1989 விட்னெஸ்–கான்பெரா ஆட்டத்தை முதலில் பாருங்கள், பாரிஸை அடுத்து. அந்த ஓட்டம் எங்கே பழகியது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.